பழைய பொருள், புதிய அலுவலகம்: பணியிடக் கேள்வி-பதில்

கிடங்குப் பணியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலைத் தொடர்ந்து, பயன்படுத்திய ஆடை, கைப்பை, கைக்கடிகாரம், மின்னணுக் கருவி போன்றவற்றை இணையவழியில் வாங்கி விற்கும் நிறுவனங்களில் பணிபுரியும் வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை முழுப் பகுதியையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன். நிறுவனத்தின் பெயரை வெளியிடச் சொன்ன இருவர் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வந்து சேரும் ஆடைகளைத் தரம் பார்த்துப் பிரிக்கும் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் இத்தனை உருப்படிகளை முடிக்க வேண்டும் என்று இலக்கு உண்டு. யார் எத்தனை முடித்தார்கள் என்பது சுவரில் உள்ள திரையில் பெயரோடு ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணப் பருத்திச் சட்டையும், மணிகள் தைத்த விழா உடையும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். நிதானமாகப் பார்ப்பவர்கள் பட்டியலின் அடியிலும், பார்த்தும் பார்க்காமலும் தள்ளிவிடுபவர்கள் உச்சியிலும் வருகிறார்கள். மேற்பார்வையாளரிடம் முறையிட்டால், “மற்றவர்களால் முடிகிறதே” என்கிறார். குறை என்னிடம்தானா?

பதில்: உங்களிடம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்காக உங்கள் மேற்பார்வையாளரைக் கொடியவராக்கவும் நான் விரும்பவில்லை, ஏனென்றால் அவர் படித்துக் காட்டும் எண் அவர் மேசையில் பிறந்தது அல்ல. புதிய பொருளை விற்கும் நிறுவனத்துக்கு ஒரே மாதிரியான ஆயிரம் சட்டைகள் வந்தால் ஒரு படம், ஒரு விவரக்குறிப்பு, ஒரு விலை போதும். அந்த உழைப்பு ஆயிரம் விற்பனைகளுக்குப் பங்காகிவிடும். மறுவிற்பனையில் ஆயிரம் சட்டைகள் வந்தால் அவை ஆயிரம் வகை. ஒவ்வொன்றையும் விரித்து, அக்குளில் கறை உண்டா, ஜிப் ஓடுகிறதா, பொத்தான் குறைகிறதா என்று தேடி, அளவெடுத்து, படம்பிடித்து, விவரம் எழுதி, விலை வைத்து, எந்த வரிசையில் எந்தக் கம்பியில் தொங்குகிறது என்று பதிவு செய்ய வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு விற்பனைக்காக. அந்தச் சட்டை விற்காமலே போய்விட்டால் அந்த ஒன்றுக்காகவும் இல்லை. ஓர் உருப்படிக்குச் செலவாகும் நிமிடங்கள்தாம் இந்தத் தொழிலின் லாபநட்டத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பதால், மேலே உள்ளவர்களின் அந்தக் கவலை படிப்படியாக இறங்கிவந்து உங்கள் சுவரில் எண்ணாக ஓடுகிறது.

கவலை நியாயமானதாக இருக்கலாம், ஆனால் அளக்கும் முறை இந்த வேலைக்குப் பொருந்தாதது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெடெரிக் டெய்லர் என்ற பொறியாளர் அமெரிக்க எஃகு ஆலை ஒன்றில் இரும்புப் பாளம் சுமக்கும் வேலையை நேரம் பார்த்து வரையறுத்தபோது, ஒரு பாளத்துக்கும் அடுத்த பாளத்துக்கும் வேறுபாடு இருக்கவில்லை. (அந்த முறையால் பாளம் சுமந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது தனிக் கதை.) உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு பையும் என்ன வைத்திருக்கிறது என்று பிரிக்கும்வரை தெரியாது. வேறுபட்டவற்றை ஒன்றாக எண்ணினால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: எளிதான பையைத் தேடி எடுக்கும் கைகள் முந்திக்கொள்கின்றன, கடினமானது யாரிடம் மிஞ்சுகிறதோ அவர் பின்தங்குகிறார். பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைக் குறித்துச் சொன்ன ஒரு கருத்து, பிற்காலத்தில் பொதுவிதியாகவே வழங்கலாயிற்று: ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக நீடிக்காது.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? “இலக்கு கடினமாக இருக்கிறது” என்று மீண்டும் போய்ச் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்துக்கு உங்கள் மேற்பார்வையாளரிடம் ஏற்கெனவே ஒரு பதில் தயாராக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு உங்கள் மேசைக்கு என்னென்ன வகை வந்தது, ஒவ்வொரு வகைக்கும் ஏறத்தாழ எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, “விவரம் பொருந்தவில்லை” என்ற காரணத்தோடு திரும்பி வரும் பொருள்களின் எண்ணிக்கையை உங்கள் பிரிவின் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவசரத்தில் விட்டுப்போன கறையின் விலை உங்கள் திரையில் தெரிவதே இல்லை. அது திரும்பப் பெறும் பிரிவின் செலவாகவும், வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் வசவாகவும், மூன்று வாரம் கழித்து வேறொருவர் தலையில் விழுகிறது. வகைக்கு ஏற்ப எடை கொடுத்து எண்ணுவது, பைகளைத் தேர்ந்தெடுக்க விடாமல் வரிசைப்படி கொடுப்பது, பெயர்ப்பட்டியலைத் திரையிலிருந்து எடுப்பது ஆகிய மூன்றையும் கேளுங்கள். மூன்றில் கடைசியானதுதான் அதிகச் செலவில்லாதது. ஆனால் அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டம், பெரிய கிடங்குகளில் பணியாளருக்கு விதிக்கும் இலக்கை எழுத்தில் தர வேண்டும் என்றும், உணவு இடைவேளைக்கும் கழிப்பறைக்கும் போக முடியாதபடி இலக்கு வைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்திலும் இதுபோன்ற சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஊருக்கு இத்தகைய சட்டம் இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் இலக்கை எழுத்தில் கேட்பதற்குச் சட்டம் தேவையில்லை. வாய்மொழி இலக்கு மாதாமாதம் வளரும். எழுதிக் கையெழுத்திட்ட இலக்கு அவ்வளவு எளிதில் வளர்வதில்லை.

கேள்வி: உயர்விலைக் கைப்பைகள் அசலா போலியா என்று பார்க்கும் குழுவில் இருக்கிறேன். சந்தேகம் வந்தால் மூத்தவரிடம் அனுப்பலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் அப்படி அனுப்புவது அதிகமானால் “தன்னம்பிக்கை போதவில்லை” என்று ஆண்டு மதிப்பீட்டில் எழுதுகிறார்கள். தப்பித்தவறி ஒரு போலி விற்பனைக்குப் போய்விட்டால், எல்லோர் முன்னிலையிலும் விசாரணை. இதற்கு நடுவில் எப்படி வேலை பார்ப்பது?

பதில்: எனக்கு வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வேகத்துக்காகத் திட்டு வாங்குவது ஒரு வகைத் துன்பம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்காகவே மதிப்பெண் குறைவது வேறு வகை, அது மெல்ல மெல்ல ஒருவரின் நேர்மையையே அரித்துவிடும்.

உங்கள் வேலையின் பண்டமே சந்தேகம்தான். தையலின் இடைவெளி, தோலின் வாசனை, உலோகப் பூட்டின் எடை, உள்முத்திரையின் எழுத்து வடிவம் என்று பத்து அடையாளங்களைப் பார்த்து, ஒன்பது சரியாக இருக்கும்போது பத்தாவது உறுத்தினால் நிறுத்திவைப்பதற்காகத்தான் உங்களை நியமித்திருக்கிறார்கள். நல்ல போலிகள் ஆண்டுதோறும் மேம்பட்டுக்கொண்டிருக்கின்றன, அதிலும் சில அசலான உதிரிபாகங்களோடு வருகின்றன. இத்தகைய பொருள்களில் ஒரு தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று வேண்டுமானால், உயர்விலைக் கைப்பைகளைத் தயாரிக்கும் ஷனெல் நிறுவனம் 2018இல் மறுவிற்பனை நிறுவனமான ‘தி ரியல்ரியல்’ மீது, தன் பெயரில் போலிப் பைகள் அங்கே விற்கப்பட்டன என்று குற்றஞ்சாட்டி நியூயார்க்கில் வழக்குத் தொடர்ந்ததை நினைவுபடுத்திக்கொள்ளலாம். அந்த நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. நீதிமன்றம்வரை போகக்கூடிய ஒரு முடிவை, சில நிமிடங்களில் தனி ஆளாக எடுத்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், உதவி கேட்டால் அதைக் குறையாக எழுதுவதும் ஒன்றோடொன்று பொருந்தாதவை.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, சிறப்பாக வழிநடத்தப்பட்ட குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகமாக இருப்பதைக் கண்டு முதலில் திகைத்தார். அந்தக் குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்த தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். உங்கள் மூத்தவரிடம் போகும் பைகளின் எண்ணிக்கையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பைகளில் எத்தனை உண்மையிலேயே போலி என்று முடிவாயிற்று என்பதைத் தனியாகக் குறித்துவையுங்கள். அடுத்த மதிப்பீட்டின்போது, “எத்தனை முறை கேட்டேன்” என்ற கணக்கோடு “கேட்டதால் எத்தனை பிடிபட்டன” என்ற கணக்கையும் மேசையில் வையுங்கள். முதல் கணக்கை மட்டும் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும் மேலாளரை நானும் பார்த்திருக்கிறேன்; அவரிடம் வாதிடுவதைவிட, அந்த இரண்டு கணக்கையும் மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டு, ஒரு படி உங்களிடம் வைத்துக்கொள்வது நல்லது. விசாரணை என்று ஒன்று வந்தால் அது பேசும்.

கேள்வி: வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறேன். வாங்குபவர்களைவிட, விற்பதற்குப் பொருள் அனுப்பியவர்கள்தான் எங்களை அதிகம் திட்டுகிறார்கள். “இதற்கு இவ்வளவுதானா?” என்று தொடங்கி, சிலர் அழுதும்விடுகிறார்கள். நான் விலை வைப்பவள் இல்லை. வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் குரல்கள் காதில் இருக்கின்றன.

பதில்: அவர்கள் திட்டுவது உங்களை அல்ல என்று சொல்வது எளிது, நாள் முழுவதும் கேட்பவர் காதுக்கு அது ஆறுதல் ஆகாது. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் சற்று விலகி நின்று கேட்க முடியும். தன்னிடம் உள்ள பொருளுக்கு, அது தன்னுடையது என்பதாலேயே மனிதர்கள் கூடுதல் மதிப்பு வைக்கிறார்கள் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் 1980இல் ஒரு பெயரிட்டு விளக்கினார். பின்னர் 1990இல் அவரும் டேனியல் கானமனும் ஜாக் நெட்ச்சும் வெளியிட்ட சோதனைகளில், சற்று முன்புதான் கையில் கொடுக்கப்பட்ட ஒரு சாதாரணக் காப்பிக் குவளையை விற்க மாணவர்கள் கேட்ட விலை, அதே குவளையை வாங்க மற்றவர்கள் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சற்று நேரம் கையில் இருந்த குவளைக்கே அப்படி என்றால், இறந்துபோன தாயின் மேலங்கியை அனுப்பியவர் நீங்கள் சொல்லும் விலையைக் கேட்டு என்ன ஆவார்?

இந்த மனித இயல்பை நிறுவனம் அறியும். அறிந்தும் எதிர்பார்க்கக்கூடிய விலையைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லாமல், பொருள் கைக்கு வந்த பிறகு அந்த ஏமாற்றத்தை உங்கள் தொலைபேசி வழியே போகவிடுகிறது என்றால், அது நிர்வாகம் எடுத்த முடிவு. உங்கள் குழுவில் இதையே பேசுங்கள்: எந்தக் கட்டத்தில் அதிகக் கோபம் வருகிறது என்று ஒரு மாதம் குறித்தால், பெரும்பாலும் ஒரே ஒரு தானியங்கி மின்னஞ்சலின் வாசகத்தில் போய் நிற்கும். அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரை, மாதத்தில் அரை நாள் உங்களோடு அமர்ந்து அழைப்புகளைக் கேட்கச் சொல்லுங்கள். நான் பணிபுரிந்த ஓர் இடத்தில் விலைக் குழுவின் தலைவர் அப்படி ஒரு மதியம் அமர்ந்தார். மாலைக்குள் மின்னஞ்சல் மாறியது.

உங்களைப் பொறுத்தவரை, கடுமையான அழைப்புக்குப் பிறகு அடுத்த அழைப்பு தானாக விழாமல் சில நிமிட இடைவெளி கிடைக்குமா என்று கேளுங்கள். வேலையின் பகுதியாகவே உணர்ச்சியை அடக்கியும் காட்டியும் நடந்துகொள்வதை ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இலேயே ஓர் உழைப்பாக வரையறுத்தார். உழைப்பு என்றால் ஓய்வும் உண்டு. குரல்கள் உறக்கத்தையும் கெடுக்கத் தொடங்கினால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பழைய துணிகளின் தூசியால் ஓயாமல் தும்மல். முகக்கவசம் கேட்டால் “சொந்தமாகக் கொண்டுவாருங்கள்” என்கிறார்கள்.

பதில்: வேலையால் வரும் தூசிக்குப் பாதுகாப்பு தர வேண்டியவர் வேலை தருபவர். எழுத்தில் கேளுங்கள், கவசத்தோடு கையுறையையும், பிரிக்கும் மேசைக்குக் காற்று உறிஞ்சியையும் சேர்த்துக் கேளுங்கள். பயன்படுத்திய ஆடையில் தூசி மட்டும் வருவதில்லை, சட்டைப் பையில் ஊசியும் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் நிறுவனர் நள்ளிரவில் குழுவில் செய்தி போடுவார். ஒரு போட்டியாளரையோ, குறை சொன்ன வாடிக்கையாளரையோ பற்றி ஆத்திரமாக ஒரு வரி. காலைக்குள் மேலாளர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு எங்களை ஓடவிடுகிறார்கள். “அவர் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றால், “அவர் மனம் எங்களுக்குத் தெரியும்” என்கிறார்கள். சிரிப்பதா, பயப்படுவதா?

பதில்: பயப்படுங்கள், சற்றேனும். இணைய மறுவிற்பனையின் மூத்த நிறுவனமான ஈபேயை 1995இல் தொடங்கிய பியேர் ஒமித்யார், மனிதர்கள் அடிப்படையில் நல்லவர்கள் என்ற நம்பிக்கையையே அதன் முதல் கொள்கையாக வைத்தார். அதே நிறுவனத்தில் 2019இல் என்ன நடந்தது என்பது நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. இணைய வணிகத்தைப் பற்றிச் செய்திமடல் நடத்திவந்த ஒரு தம்பதி எழுதியவை உயர்நிர்வாகிகளுக்கு எரிச்சலூட்டின. அந்த எரிச்சலை அவர்கள் குறுஞ்செய்திகளில் கொட்டினார்கள். பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அந்தத் தம்பதியின் வீட்டுக்கு உயிருள்ள கரப்பான்பூச்சிகளையும் சிலந்திகளையும் ஒரு சவ அஞ்சலி மலர்வளையத்தையும் அனுப்பினார்கள், நேரில் போய் வேவும் பார்த்தார்கள். முன்னாள் பணியாளர்கள் எழுவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். பாதுகாப்புப் பிரிவின் முன்னாள் உயர் அதிகாரி ஒருவருக்கு 2022இல் 57 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நிறுவனம் 2024 ஜனவரியில் 30 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. உச்சியில் இருந்த தலைமை அதிகாரி மீது குற்றவழக்கு இல்லை.

உங்கள் நிறுவனம் அந்தப் பாதையில் போகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவரில் எழுதிவைத்த கொள்கைக்கும் நள்ளிரவுச் செய்திக்கும் இடையே பணியாளர்கள் எதை உண்மையான உத்தரவாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் ஓர் இடத்தின் கலாசாரம் தெரிகிறது. பின்னால் தண்டனை என்று வரும்போது, தலைவரின் மனம் தெரியும் என்று ஓடியவர்கள்தாம் முதலில் அகப்படுகிறார்கள். ஆகவே வழக்கமான வேலைக்கு அப்பாற்பட்ட எதையும் செய்யச் சொன்னால், “இதை யார் கேட்டார்கள், எப்போது, எதற்காக என்று ஒரு வரி எழுதித் தாருங்கள்” என்று பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு வரியை எழுதத் தயங்குபவரே அந்த வேலையைப் பாதியில் கைவிடுவார். அவர் எழுதியே தந்துவிட்டால், அதைச் சட்டப் பிரிவிடம் காட்டிவிட்டுச் செயலில் இறங்குங்கள்.

கேள்வி: விற்பனைக்குப் பட்டியலிடும் முன்பே நல்ல பொருள்களை எங்கள் பிரிவில் சிலர் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். “இதுவும் ஒரு சலுகைதானே” என்கிறார்கள். நான் சேராததால் என்னை ஒதுக்குகிறார்கள்.

பதில்: சேராமல் இருங்கள். தரம் பார்ப்பவரே வாங்குபவராகவும் இருந்தால், ஒரு நல்ல கைக்கடிகாரத்தைப் “பழுது” என்று பதிவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இழப்பு, நம்பி அனுப்பியவருக்கு. பணியாளர்கள் வாங்கலாம் என்றால் பொதுவில் பட்டியலிட்ட பிறகு, எல்லோருக்கும் உரிய விலையில் என்று ஒழுங்கான நிறுவனங்கள் விதி வைத்திருக்கும். உங்கள் இடத்தில் விதி இருக்கிறதா என்று மனிதவளப் பிரிவிடம் யாரையும் பெயர் சொல்லாமல் கேளுங்கள். ஒதுக்கப்படுவது வலிக்கும்தான், ஆனால் தணிக்கை நடக்கும் நாளில் அந்தக் கூட்டத்தில் இல்லாமல் இருப்பதன் நிம்மதி பெரியது.

கேள்வி: இத்தகைய ஒரு நிறுவனத்தில் அலுவலகப் பணிக்கு நேர்காணல் முடிந்து, நியமனக் கடிதமும் வந்துவிட்டது. அலுவலகத்தாருக்கு வீட்டிலிருந்தே பணி, நெகிழ்வான நேரம், எல்லாம் உண்டு. கிடங்கில் இருப்பவர்களுக்கு அவை எதுவும் இல்லை என்று கேள்விப்பட்டேன். இருந்தும் “நாம் ஒரே குடும்பம்” என்கிறார்கள். சேரலாமா?

பதில்: ஆடையை வீட்டிலிருந்து மடிக்க முடியாது என்பதால், அந்த வேறுபாட்டை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தைத் தள்ளிவிட மாட்டேன். வேறுபாட்டைச் சமன்செய்ய ஏதேனும் செய்கிறார்களா என்பதைத்தான் பார்ப்பேன்: ஷிப்ட் அட்டவணை எத்தனை நாளுக்கு முன்பு கிடைக்கிறது, அவசர விடுப்புக்கு யாரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது, கிடங்கிலிருந்து அலுவலகப் பொறுப்புக்கு உயர்ந்தவர் என்று ஒருவரையாவது காட்ட முடியுமா. “குடும்பம்” என்ற சொல்லைக் கேட்டால் நான் சற்று எச்சரிக்கையாகிவிடுவேன், ஏனென்றால் அந்தச் சொல் பெரும்பாலும் கூடுதல் நேரம் கேட்கும்போதுதான் வருகிறது, ஆட்குறைப்பின்போது வருவதில்லை.

கையெழுத்திடும் முன், பொருள்கள் வந்து இறங்கும் கூடத்தைப் பார்க்க விரும்புவதாகச் சொல்லுங்கள். சுற்றிக்காட்டுவதற்காக ஒதுக்கிய காலை நேரம் வேண்டாம். ஷிப்ட் முடியும் நேரத்தைக் கேளுங்கள். போனால் சுவரில் உள்ள வாசகங்களைப் படிக்காதீர்கள். சந்தேகப் பொருள்களுக்கென்று தனி அடுக்கு இருக்கிறதா, அதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்கு காலியாக இருந்தால், காரணம் என்ன என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். அவர் உங்களைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா, மேற்பார்வையாளரைப் பார்த்துப் பதில் சொல்கிறாரா என்பதைக் கவனித்துவிட்டு, கடிதத்தில் கையெழுத்திடுவதைப் பற்றி அன்று இரவு முடிவு செய்யுங்கள்.